மேகி லீனா வாக்கரும் பென்னி சேமிப்பு வங்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேகி வாக்கர் யார்?

அமெரிக்காவில் வங்கி நடத்த உரிமம் பெற்று, அதன் தலைவராகவும் இருந்த முதல் கறுப்பினப் பெண். ஊர், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட். வங்கியின் பெயர் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி (பென்னி என்றால் ஒரு சென்ட் காசு). அது 1903 நவம்பர் 2 அன்று திறந்தது. வங்கிக்கு முன்பே ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார், ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கியிருந்தார். வங்கிக்குப் பிறகு ஒரு துணிக்கடை வைத்தார். அது மட்டும் தோற்றது. 'முதல் பெண்' என்ற பட்டத்தோடு அவர் கதையை முடித்துவிடுவது பலருக்கும் வழக்கம். அந்த வங்கி ஏன் நிலைத்தது, பக்கத்தில் இருந்த மற்ற வங்கிகள் ஏன் விழுந்தன என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

தலைமுடித் தைலம் விற்றுப் பணக்காரரான வாக்கர் இவர்தானே?

இல்லை. அவர் மேடம் சி. ஜே. வாக்கர். இயற்பெயர் சாரா பிரீட்லவ். லூயிசியானாவில் பிறந்து, இண்டியானாபோலிஸில் தொழிற்சாலை நடத்தி, 1919-ல் காலமானார். இருவருக்கும் 'வாக்கர்' என்பது கணவர் வழிப் பெயர். உறவு எதுவும் இல்லை. இணையத்தில் ஒருவர் படத்தைப் போட்டு மற்றவர் வரலாற்றை எழுதுவது அடிக்கடி நடக்கிறது. வங்கி, ரிச்மண்ட் என்று வந்தால் மேகி. கூந்தல், இண்டியானாபோலிஸ் என்று வந்தால் மேடம்.

பிறந்த ஆண்டு சில இடங்களில் 1864 என்றும் சில இடங்களில் 1867 என்றும் இருக்கிறதே?

பழைய நூல்களும் நினைவுப் பலகைகளும் 1867 என்றே சொல்லிவந்தன. பின்னாளில் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் 1864 ஜூலை 15 என்ற முடிவுக்கு வந்தார்கள். இப்போது அதுவே பரவலாக ஏற்கப்படுகிறது. மூன்று வருட வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் 1864-ல் உள்நாட்டுப் போர் இன்னும் ஓயவில்லை, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைநகர் ரிச்மண்ட். 1867-ல் போர் முடிந்து அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது.

குடும்பப் பின்னணி என்ன?

தாய் எலிசபெத் டிரேப்பர். எலிசபெத் வான் லூ என்ற வெள்ளைக்காரச் சீமாட்டியின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். அந்த வான் லூ போர்க்காலத்தில் வடக்குப் படைக்கு ரகசியமாக உளவு சொன்னவர், அது தனிக் கதை. தந்தை எக்கிள்ஸ் கத்பர்ட், அயர்லாந்தில் பிறந்த பத்திரிகையாளர். தாய் அவரை மணக்கவில்லை. அதே மாளிகையில் பட்லராக இருந்த வில்லியம் மிட்செலை மணந்தார். மிட்செல் பிறகு ஒரு ஓட்டலில் தலைமைப் பரிசாரகர் ஆனார்.

1876-ல் மிட்செலின் உடல் ஜேம்ஸ் ஆற்றில் கிடைத்தது. அதிகாரிகள் தற்கொலை என்று எழுதி மூடினார்கள். கொலை என்றே குடும்பம் நம்பியது. அதன்பின் தாய் வீட்டிலேயே வெளுப்புத் தொழில் செய்தார். வெள்ளையர் வீடுகளிலிருந்து அழுக்குத் துணி வாங்கிவருவதும், வெளுத்து மடித்ததைக் கூடையில் கொண்டுபோய்க் கொடுப்பதும் மேகியின் வேலை. வெள்ளிக் கரண்டியோடு பிறக்கவில்லை, தலையில் வெளுப்புக் கூடையோடு பிறந்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

படிப்பு?

ரிச்மண்ட் கறுப்பின ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, 1883-ல் தேர்ச்சி. வெள்ளை மாணவர்களுக்குப் பட்டமளிப்பு நகர நாடக அரங்கில், கறுப்பின மாணவர்களுக்குத் தேவாலயத்தில் என்பது நடைமுறை. இவருடைய வகுப்பு அதை ஏற்க மறுத்தது. கடைசியில் விழா பள்ளிக் கூடத்திலேயே நடந்தது. மூன்று ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1886-ல் செங்கல் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ம்ஸ்டெட் வாக்கரைக் கல்யாணம் செய்ததும் வேலை போனது. கல்யாணமான பெண் ஆசிரியராக நீடிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. அந்த விதி இல்லாதிருந்தால் ரிச்மண்டுக்கு ஒரு நல்ல தலைமையாசிரியை கிடைத்திருப்பார், வங்கி கிடைத்திருக்காது.

செயின்ட் லூக் சங்கம் என்றால் என்ன? அது எப்படி இயங்கியது?

நம் ஊர்களில் மரண உதவிச் சங்கம் என்று இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான். மேரி பிரௌட் என்பவர் 1867-ல் பால்டிமோரில் பெண்களுக்காகத் தொடங்கினார். பிறகு ஆண்களும் சேர்ந்தார்கள். உறுப்பினர் சிறு தொகையைத் தவறாமல் கட்டிவர வேண்டும். நோயில் படுத்தால் உதவித்தொகை, இறந்தால் அடக்கச் செலவுக்குப் பணம். வெள்ளையர் நடத்திய காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்தன, அல்லது கூடுதல் கட்டணம் கேட்டன. அதனால் இத்தகைய சங்கங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன.

இவற்றில் வழக்கமாகக் கோளாறு நேரும் இடங்கள் மூன்று. வயது பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே கட்டணம் வாங்கினால், உறுப்பினர்களுக்கு வயது ஏற ஏறச் சாவுப் பணம் வரவை மிஞ்சிவிடும். இளைஞர்கள் புதிதாகச் சேராவிட்டால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூன்றாவது, கிளைகள் வசூலித்த பணம் தலைமையகத்துக்கு ஒழுங்காக வந்து சேராது. மேகி பதின்ம வயதிலேயே உறுப்பினரானவர், பள்ளி வேலை போனபின் முழு மூச்சாகச் சங்கத்தில் இறங்கியவர். இந்த மூன்றும் அவருக்கு அத்துப்படி. 1895-ல் சிறுவர் பிரிவு உருவாகக் காரணமாக இருந்ததும் அவரே. குழந்தை சேர்ந்தால் அம்மாவும் வருவாள், இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தையே முழு உறுப்பினர்.

அவர் பொறுப்பேற்றபோது சங்கத்தின் நிலை என்ன?

1899. கஜானாவில் 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய பில்கள் 400 டாலர். முந்தைய பொதுச் செயலாளரின் சம்பளம் ஆண்டுக்கு 300 டாலர். இவர் 100 டாலருக்கு ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கிளை கிளையாகப் பயணம் போய் ஆள் சேர்த்தார், கணக்கைச் சீராக்கினார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1924 வாக்கில், உறுப்பினர்கள் 50,000-க்கு மேல், உள்ளூர்க் கிளைகள் 1,500, தலைமையகத்தில் ஊழியர்கள் சுமார் 50 பேர், சொத்து ஏறத்தாழ 4 லட்சம் டாலர்.

சங்கம் இருக்கும்போது வங்கி எதற்கு?

சங்கம் வசூலித்த சில்லறை எல்லாம் கடைசியில் வெள்ளையரின் வங்கியில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த வங்கி கறுப்பினத்தவரின் வைப்பை வாங்கிக்கொள்ளும். வீடு கட்டவோ கடை போடவோ கடன் கேட்டால் கதவைச் சாத்தும். அதாவது கறுப்பினச் சலவைக்காரியின் சேமிப்பு வெள்ளை வியாபாரியின் மூலதனமாக மாறியது. 1901 ஆகஸ்டில் சங்க மாநாட்டில் மேகி இதைத்தான் எடுத்துச் சொன்னார். நம் பணத்தை ஒன்றாகச் சேர்ப்போம், நமக்குள்ளேயே வட்டிக்கு விடுவோம், லாபத்தையும் நாமே அனுபவிப்போம், ஐந்து சென்ட் நிக்கல் காசை வாங்கி டாலராக்கித் தரும் வங்கி வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். பத்திரிகை, தொழிற்கூடம், கடை ஆகியவையும் அதே திட்டத்தில் இருந்தன.

ஆனால் கறுப்பின மக்களிடம் 'வங்கி' என்றாலே ஒரு பயம் இருந்தது. காரணம் ஃப்ரீட்மன்ஸ் வங்கி. விடுதலையான அடிமைகளுக்காக 1865-ல் நாடாளுமன்றத்தின் உரிமத்தோடு தொடங்கி, ரிச்மண்டிலும் கிளை வைத்திருந்த அந்த வங்கி 1874-ல் மூடியது. 61,000 பேருக்கு மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் சிக்கிக்கொண்டது. அரசே பின்னால் நிற்கிறது என்று நம்பிப் போட்டவர்கள். முப்பது வருடம் ஆகியும் அந்தக் காயம் ஆறவில்லை.

வங்கியை எந்த வரிசையில் கட்டினார்?

முதலில் பத்திரிகை. 1902 மார்ச்சில் 'செயின்ட் லூக் ஹெரால்ட்' வெளிவந்தது. சங்கச் செய்தி, கிளைகளுக்கான அறிவிப்பு, கூடவே இனப் பாகுபாட்டுக்கும் கும்பல் கொலைகளுக்கும் எதிரான எழுத்து. வங்கி திறப்பதற்கு ஒன்றரை வருடம் முன்பே பத்திரிகை வந்துவிட்டதைக் கவனியுங்கள். சிதறிக் கிடக்கும் கிளைகளுக்கு ஒரே சமயத்தில் ஒரே செய்தி போய்ச் சேர வழி இல்லாமல் பங்கு விற்க முடியாது.

அடுத்தது பயிற்சி. ரிச்மண்டின் மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் வங்கியில் தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பதைக் கவனித்துக் கற்றார். வெள்ளையர் வங்கிதான். அங்கே உட்கார இடம் வாங்கியதே சாமர்த்தியம்.

பிறகு ஆள். எம்மட் பர்க் என்பவரைக் கேஷியராக அமர்த்தினார். அன்றைய அமெரிக்க வங்கியில் கேஷியர் என்றால் கவுன்டரில் பணம் எண்ணுபவர் அல்ல, அன்றாட நிர்வாகம் முழுவதும் அவர் கையில். பர்க் ஏற்கெனவே ட்ரூ ரிஃபார்மர்ஸ் என்ற இன்னொரு கறுப்பினச் சங்கத்தின் வங்கியில் பழகியவர். தலைவர் மக்களிடம் நம்பிக்கை சம்பாதிப்பார், பேரேட்டைத் தெரிந்தவர் பார்த்துக்கொள்வார் என்ற பிரிவினை இது. சமூகத் தலைவர்கள் தொடங்கும் நிதி நிறுவனங்கள் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பேச்சுத் திறமை கணக்கையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுவார்கள்.

திறப்பு நாளில் என்ன நடந்தது?

செயின்ட் ஜேம்ஸ் தெருவில் சங்கத்தின் சொந்தக் கட்டடத்தில் வங்கி திறந்தது. அன்று மட்டும் சுமார் 280 பேர் கணக்குத் தொடங்கினார்கள், வைப்பு 8,000 டாலரைத் தாண்டியது. நூறு டாலருக்கு மேல் போட்டவர்களும் உண்டு. 31 சென்ட் கொண்டுவந்து கணக்குத் தொடங்கியவரும் உண்டு. அவரையும் வாங்கி எழுதிக்கொண்டார்கள்.

31 சென்ட் கணக்கை வைத்து வங்கி எப்படிப் பிழைக்கும்?

நியாயமான கேள்வி. சிறு கணக்கு ஒன்றுக்குப் பாஸ்புக், பேரேட்டுப் பதிவு, குமாஸ்தா நேரம் எல்லாம் பெரிய கணக்குக்கு ஆகும் அளவே ஆகும். வரும் வட்டி மிச்சமோ சில்லறை. சிறு கணக்குகளை மட்டும் நம்பியிருந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த வங்கிக்கு அடித்தளம் வேறு. சங்கத்தின் பணமும் கிளைகளின் பணமும் அங்கே வந்து சேர்ந்தன. உறுப்பினர் கட்டணம் நின்று நின்று வராது, தொடர்ந்து வரும். அந்த நிலையான வைப்பு மேடையாக இருக்க, அதன்மேல் சலவைக்காரிகள், சமையல்காரிகள், புகையிலைத் தொழிலாளிகள், சிறுவர்கள் எனச் சிறு கணக்குகள் அடுக்கடுக்காக ஏறின. இன்று சிறு கணக்கு, பத்து வருடத்தில் வீட்டுக் கடனுக்கு வரும் வாடிக்கையாளர்.

சிறுவர்களுக்குச் சிறு உண்டியல் கொடுத்தார்கள். பென்னி பென்னியாகச் சேர்த்து ஒரு டாலர் ஆனதும் வங்கிக்குக் கொண்டுவந்து கணக்குத் தொடங்கலாம். பேப்பர் போட்டும், புல் வெட்டியும், எடுபிடி வேலை செய்தும் சேர்த்த பிள்ளைகளில் சிலர் கணக்கில் நூறு முதல் நானூறு டாலர் வரை இருந்ததாக மேகி பெருமையோடு சொன்னார்.

கடன் யாருக்குக் கொடுத்தார்கள்?

பெரும்பாலும் வீடு வாங்க. 1920-க்குள் சுமார் 600 வீடுகள் இந்த வங்கியின் கடனால் கறுப்பினக் குடும்பங்களுக்குச் சொந்தமாயின. வங்கியின் பார்வையிலும் இது நல்ல கடன். வீடு ஈடாக இருக்கிறது, கடன் வாங்கியவர் சங்க உறுப்பினர், அவர் ஒழுங்காகக் கட்டுகிறவரா என்பது கிளைக்கே தெரியும்.

சிறுதொழிலுக்கும் உதவினார்கள். மேகி அடிக்கடி எடுத்துச் சொன்ன உதாரணம் ஒரு கால் இல்லாத ஷூ பாலிஷ் பையன். வங்கியின் ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒருவன். நடைபாதையில் வெயிலிலும் மழையிலும் வாடகை நாற்காலி ஒன்று போட்டுத் தொழில் செய்தான். 50 டாலர் சேர்ந்ததும், மூன்று நாற்காலி போடும் அளவுக்கு ஒரு சின்ன இடம் வாடகைக்குப் பிடிக்க உதவினார்கள். ஏழு வருடத்தில் பன்னிரண்டு நாற்காலியோடு சொந்த இடம், 1,900 டாலருக்குத் தாய்க்கு ஒரு வீடு, கடன் பாக்கி இல்லை, கணக்கில் இருப்பு 500 டாலருக்குக் கீழே இறங்கியதில்லை. இதில் வங்கி செய்தது என்ன என்று பார்த்தால், எடுத்த எடுப்பில் கடன் கொடுக்கவில்லை. முதலில் சேர்க்க வைத்தார்கள், பிறகு இடம் பிடிக்கத் துணை நின்றார்கள்.

1910-ல் ரிச்மண்டில் ஒரு கறுப்பின வங்கி திவாலானதே, அது இதுவா?

அது ட்ரூ ரிஃபார்மர்ஸ் சங்கத்தின் வங்கி. 1888-ல் உரிமம் பெற்றது, கறுப்பினத்தவர் உரிமம் பெற்ற முதல் வங்கி அதுதான். (எனவே 'அமெரிக்காவின் முதல் கறுப்பின வங்கியைத் தொடங்கியவர் மேகி' என்று எங்காவது படித்தால் அது தவறு.) சங்கம் தன் ஓட்டல், கடைகள், மற்ற முயற்சிகளுக்குத் தன் வங்கியிலிருந்தே போதிய ஈடு இல்லாமல் கடன் எடுத்தது. அவை நட்டமானபோது வங்கிப் பணமும் கூடவே போயிற்று. உள்ளே கையாடலும் நடந்திருந்தது.

இதன் பிறகு வர்ஜீனியா அரசு வங்கிகளைக் கடுமையாகத் தணிக்கை செய்யத் தொடங்கியது. உதவிச் சங்கமும் வங்கியும் ஒரே அமைப்பாக இருக்கக் கூடாது என்றும் வந்தது. மேகி வங்கியைச் சங்கத்திலிருந்து பிரித்தார். காகிதத்தில் எளிது, நடைமுறையில் வலி. மேலே சொன்ன மேடையே சங்கத்தின் பணம்தான். ஆனால் அதற்குள் ஏழு வருடமாகத் தனியார் வைப்பும் வீட்டுக் கடனும் வளர்ந்திருந்ததால் தாக்குப்பிடித்தது.

துணிக்கடை ஏன் தோற்றது?

செயின்ட் லூக் எம்போரியம் 1905-ல் ரிச்மண்டின் முக்கியக் கடைவீதியான பிராட் தெருவில் திறந்தது. விற்பனைப் பெண்கள் கறுப்பினத்தவர். பின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை, போட்டுப் பார்க்க விடமாட்டோம் என்று சொல்ல ஆளில்லை. வெள்ளை வியாபாரிகளுக்கு உறுத்தியது. முதலில் கட்டடத்தை விட்டுக்கொடுக்கப் பணம் தருவதாகப் பேசிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. பிறகு தங்களுக்குள் ஒரு வியாபாரிகள் சங்கம் சேர்த்து, இந்தக் கடைக்குச் சரக்கு போட்டால் எங்கள் வியாபாரம் உங்களுக்கு இல்லை என்று மொத்த வியாபாரிகளை மிரட்டினார்கள். சில்லறைக் கடையின் உயிர் சரக்கு வரத்தில் இருக்கிறது. நல்ல சரக்கு, நல்ல விலையில், தடையில்லாமல் வராவிட்டால் அலமாரி வெறிச்சோடும், அடுத்த வாரம் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

கறுப்பின மக்களும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 1906-ல் ஆண்களுக்கென்றே நிகழ்த்திய ஒரு உரையில் மேகி இதைக் கடுமையாகச் சாடினார்: பாகுபாடு என்ற சிங்கத்துக்கு நீங்களே தீனி போட்டு வளர்க்கிறீர்கள், தீனியை நிறுத்தினால்தான் அது சாகும் என்று. உரை அருமை, விற்பனை ஏறவில்லை. ஏழு வருடம்கூட முழுதாக ஓடாமல் கடை மூடப்பட்டது. வங்கி வென்று கடை தோற்றதற்கு ஒரு காரணம் தெளிவு. வங்கிக்கு வேண்டிய சரக்கு மக்களின் பணம், அது அவர்களிடமே இருந்தது. கடைக்கு வேண்டிய சரக்கு எதிராளி கையில் இருந்தது.

டிராம் புறக்கணிப்பில் அவர் பங்கு என்ன?

1904-ல் ரிச்மண்டின் டிராம் நிறுவனம் வண்டியில் இனவாரியாக இருக்கை பிரித்தது. அப்போதைய சட்டம் பிரிக்கலாம் என்றது, பிரித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நிறுவனமாக விரும்பிச் செய்தது. ஜான் மிட்செல் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் நடத்திய 'ரிச்மண்ட் பிளானட்' பத்திரிகையும் ஹெரால்டும் நடந்தே போங்கள் என்று எழுதின. மக்கள் மாதக்கணக்கில் நடந்தார்கள். நிறுவனம் அந்த வருடமே திவால் நடவடிக்கைக்குப் போனது. ஆனால் 1906-ல் மாநிலம் முழுவதும் பிரிவினை கட்டாயச் சட்டமாயிற்று.

பெண்களுக்கு என்ன செய்தார்?

அன்று ரிச்மண்டில் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலை, வெளுப்பு, புகையிலைக் காம்பு கிழிப்பது. படித்தால் ஆசிரியை, அதுவும் கல்யாணம் வரை. வங்கி, சங்க அலுவலகம், அச்சகம், கடை ஆகியவற்றில் குமாஸ்தா, தட்டச்சர், விற்பனைப் பெண் என்று மேசை வேலைகள் உருவாயின. வங்கியின் இயக்குநர் குழுவிலும் பெண்கள் இருந்தார்கள். 1912-ல் கறுப்பினப் பெண்கள் மன்றம் ஒன்றை அமைத்து, ஜேனி போர்ட்டர் பாரட் நடத்திய சிறுமியர் தொழிற்பள்ளிக்கு நிதி திரட்டினார்.

அரசியலில் இருந்தாரா?

1917-ல், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் தேசிய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ரிச்மண்ட் கிளை உருவாக உழைத்தார், பின்னர் அதன் தேசியக் குழுவிலும் இருந்தார். 1921-ல் குடியரசுக் கட்சியின் வெள்ளையர் பிரிவு கறுப்பினத்தவரை ஒதுக்கியபோது, கறுப்பினத்தவர் தனிப் பட்டியல் போட்டார்கள். ஆளுநர் பதவிக்கு ஜான் மிட்செல், மாநிலப் பொதுக் கல்வி மேற்பார்வையாளர் பதவிக்கு மேகி. தோற்றார்கள். 1902 அரசியல் சட்டம் வாக்கு வரியையும் (ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய வரி) பல தடைகளையும் வைத்துக் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பெருமளவு பறித்திருந்த மாநிலத்தில் வேறு முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை.

கணவர் எப்படி இறந்தார்?

1915-ல் மூத்த மகன் ரஸ்ஸல், வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று எண்ணிச் சுட்டதில் இறந்தவர் அவருடைய தந்தை. ரஸ்ஸல்மேல் கொலை வழக்கு நடந்து, விடுதலையானார். மேகி பொறுப்புகளை விடவில்லை. ரஸ்ஸல் 1923-ல் இறந்தார்.

சக்கர நாற்காலியில் இருந்தாரா?

ஒருமுறை விழுந்ததில் முழங்கால் சிப்பி பாதிக்கப்பட்டது. நடை மெல்ல மெல்லக் குறைந்து, 1928 வாக்கில் சக்கர நாற்காலிக்கு வந்தார். வீட்டில் லிஃப்ட் வைத்துக்கொண்டார், காரைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார், தொடர்ந்து அலுவலகம் போனார். நீரிழிவால் வந்த திசு அழுகல் முற்றி 1934 டிசம்பர் 15 அன்று காலமானார்.

பெரும் பொருளாதார மந்தத்தில் வங்கி என்ன ஆயிற்று?

ஜான் மிட்செலின் மெக்கானிக்ஸ் வங்கி 1922-லேயே மூடிவிட்டது. இனி ஒவ்வொருவரும் தனித்தனியாக நின்றால் எல்லோரும் விழுவோம் என்பதை மேகி முன்கூட்டியே உணர்ந்தார். ரிச்மண்டில் மிஞ்சியிருந்த கறுப்பின வங்கிகளை இணைக்கப் பேச்சு நடத்தினார். முதலில் செகண்ட் ஸ்ட்ரீட் சேமிப்பு வங்கியோடு இணைப்பு, 1930 தொடக்கத்தில் கன்சாலிடேட்டட் பேங்க் அண்ட் டிரஸ்ட் கம்பெனி உதயம். அடுத்த ஆண்டு மூன்றாவது வங்கியும் சேர்ந்தது. தான் பெற்ற வங்கியின் பெயர் மறைவதைப் பற்றிக் கவலைப்படாமல், தலைவர் நாற்காலியை விட்டு இயக்குநர் குழுவின் தலைமைக்கு மாறினார். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் வங்கிகள் மூடிய காலத்தில் இது பிழைத்தது. 2005-ல் வாஷிங்டன் நிறுவனம் ஒன்று வாங்கும்வரை கறுப்பினத்தவர் கையிலேயே இருந்தது.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

ஈஸ்ட் லீ தெரு 110½ என்ற எண்ணில் அவர் வீடு தேசிய வரலாற்றுத் தலமாக இருக்கிறது. 1904-ல் வாங்கி, குடும்பம் பெருகப் பெருக அறை கூட்டிக் கூட்டி 28 அறையாக்கிய வீடு. பேத்திகள் வரை ஒரே கூரைக்கீழ். மேசை நாற்காலி, புத்தகம், லிஃப்ட் உட்பட குடும்பத்தின் சொந்தப் பொருள்கள் இருப்பதால் கண்ணாடிப் பெட்டி அருங்காட்சியகமாகத் தெரியாது. நேராக வாசலுக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள். வடக்கு இரண்டாம் தெருவில் உள்ள பார்வையாளர் மையத்தில் தொடங்கி, வழிகாட்டியோடு போக வேண்டும். நுழைவு இலவசம். நாளும் நேரமும் மாறுவதால் தேசியப் பூங்காத் துறையின் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கிருந்து நடை தூரத்தில், பிராட் தெருவும் ஆடம்ஸ் தெருவும் சந்திக்கும் இடத்தில் அவருடைய பத்தடி வெண்கலச் சிலை நிற்கிறது. 2017-ல் அவர் பிறந்தநாளன்று திறந்தது. எம்போரியம் இருந்ததும் இதே பிராட் தெருவில்தான். செயின்ட் ஜேம்ஸ் தெருக் கட்டடத்தையும் பார்க்க ஆசைப்பட்டால், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும். 1950களில், இந்தக் கறுப்பினக் குடியிருப்பான ஜாக்சன் வார்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு சாலை போட்டார்கள்.